கோட்டைக் கதவும் பூசை மணியும்

மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே பயந்த மனிதர் இன்னாசிமுத்து மாமா. டவுன்ஷிப்பில் காண்டிராக்ட்டில் புல் வெட்டுகிறவர். சூப்பர்வைசர் தெய்வசிகாமணியின் மொபெட் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டோடு எழுந்து நிற்பார். பல தடவை அது பால்காரரின் மொபெட்.

2012 தவக்காலத்தில் எங்கள் மாதா கோயில் வளாகத்தில் பழங்காலக் கதை ஒன்றைப் படமாகப் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் தூய தமிழில் பேசினார்கள். உப்பளக் கூலிகளை அடைத்துவைத்த பிரபுவின் கோட்டைக்கு ஒரு துறவி கையில் மணியோடு தனியாகப் போகிறார். "பிரபுவே, கதவைத் திறவும்." கதவு அசைகிறது. கரண்ட் போய்விட்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். எங்களுக்கு அது திரும்பி வருவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருந்தோம்.

காலையில் மாமா வந்தார். நான் பி.ஏ. வரலாறு, தெருவின் முதல் பட்டதாரி, வேலை கிடைக்காததால் எந்நேரமும் வீட்டில் கிடைப்பவள்.

"பாப்பா, காலேஜ்லயே அந்தப் படத்த முழுசா பார்த்துட்டேன்னியே. கதவு தொறந்துச்சா?"

"தொறந்துச்சு மாமா."

"அது போதும்."

போதாது. திறந்த கதவுக்குள்ளிருந்து வந்தது ஈட்டி. ஆனால், வாழ்நாளில் முதல்முறையாக நிமிர்ந்து நிற்கிறவரிடம் அதைச் சொல்வதா? நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் கோயிலில் பூசை மணியை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். பயத்தோடு பின்னாலேயே போனேன்.

காண்டிராக்ட் ஷெட்டில், புல் வெட்டும் பெண்களுக்கான கழிப்பறையில் தெய்வசிகாமணி தன் மொபெட்டை வெயில் படாமல் நிறுத்திப் பூட்டிவைத்திருந்தார். மாமாவின் மனைவி மார்த்தாள் உட்பட எல்லாப் பெண்களும் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தார்கள்.

மாமா அந்தக் கதவின் முன் நின்று மணியடித்தார். தெய்வசிகாமணி ஓடிவந்தார்.

"பிரபுவே, கதவைத் திறவும்."

"யார்யா பிரபு?"

"நீங்கதான் சார்."

"யாரு சொல்லிக் குடுத்து வந்துகினு இருக்க?"

"ஆண்டவரு, சார்."

"அவருக்கு நம்ம ஷெட்டுல இன்னாய்யா வேல?"

மணி ஓயவில்லை. குல்ஃபி வண்டி என்று நினைத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள்.

"ஐஸ் இல்லம்மா," என்றார் மார்த்தாள் அத்தை. "கக்கூஸத் தொறக்கச் சொல்லிகினு இருக்கோம். உள்ள சாரோட வண்டி தூங்குது."

சிரிப்பு அடங்கும் முன் கதவு திறந்தது. மொபெட் வெளியே வந்தது. சாவி அத்தையின் முந்தானையில் ஏறியது.

அடுத்த ஞாயிறு படத்தின் மிச்சத்தைப் போட்டார்கள். ஈட்டி வந்தது. துறவி விழுந்தார். மாமா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தொறந்துச்சுன்னியே பாப்பா."

"தொறந்துச்சுல்ல மாமா."

உண்மையைப் பாதியாகச் சொன்னது சரியா, முழுதாகச் சொல்லியிருந்தால்தான் சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கழிப்பறையில் புதுப் பூட்டு தொங்கியது. அத்தை வந்து சொன்னபோது மாமா சைக்கிளில் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி வெகுநேரம் இருந்தார். பிறகு கோயில் பக்கம் மிதித்தார்.

நான் ஷெட்டுக்குப் போனபோது மணி கேட்டுக்கொண்டிருந்தது. "பிரபுவே" என்று மாமா ஆரம்பித்திருந்தார். குரலில் நடுக்கமில்லை. கதவுக்கு நேராக மட்டும் நிற்கவில்லை. இரண்டடி தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றார்.