உடும்பின் கால், தேனீயின் கால்

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது அவள் வேலை. பின்னறையில் செத்த பூச்சிகளைக் கெடாமல் பாடம் செய்து வைக்கிற தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவள் தலை நிமிர்ந்துகொள்ளும்.

கட்டைவிரல் நகமளவு பம்பிள் தேனீ ஒன்றை ஊசியில் நிறுத்தி, ஆறு கால்களையும் விரித்து, மேலெல்லாம் போர்த்திய ரோமத்தைச் சீவிவிட அவனுக்கு நான்கு நாள் பிடிக்கும். மகரந்தம் சுமக்கும் பின்னங்காலின் குழிவுகூட அப்படியே தெரியும். ஆனால் வாயில் விரலை விட்டாலும் கடிக்கத் தெரியாதவன்.

பின்னறைச் சுவரில் ஈரம். போன மழையில் அவன் பூச்சிகளில் பாதி பூசணம் பிடித்துப் போயின. முன்கூடத்துக்கு ஈரம் புகாத, விளக்கு வைத்த பெரிய பெட்டி ஒன்று வந்திருந்தது. அதில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த மழையோடு அவனுடைய ஆறு வருட உழைப்பும் காலி.

மேலாளரோ, கூடத்து மூலையில் பாடம் செய்து நிறுத்தியிருந்த ராட்சத உடும்பை அதில் வைக்க நினைத்தார்.

"ஒன்பது அடி உடும்பு எங்கே, உன் தம்பியோட தேனீ எங்கேம்மா? சனங்க பெரிசைத்தான் பார்ப்பாங்க."

"நீளம்தான் கணக்குன்னா துணி காயப்போடுற கயித்தை வைங்க சார்."

உடும்பைப் பாடம் செய்தவர் பக்கத்தில் நின்று இளித்தார். "ஊதினா பறந்துடும், அதுக்கு ஒரு பெட்டியா?"

"அது பறக்கும்ணே. உங்க உடும்பு எழுந்து நடந்தா தன் கால் தடுக்கியே விழும்."

"என்ன உளர்றே?"

"பின்னங்கால் ரெண்டையும் பக்கம் மாத்தித் தெச்சிருக்கீங்க. உடும்புக்கு இருக்கிறதுலயே குட்டையான விரல் உள்பக்கம் இருக்கணும், இதுல வெளியே நிக்குது. ஆறு மாசமாத் தூசி தட்டுறேன். அடுத்த கூடத்து உடும்பு எலும்புக்கூட்டோட விரல் விரலா ஒத்துப் பார்த்துட்டேன்."

மேலாளர் உடும்பின் பின்னங்காலருகே குனிந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்பது அடிப் பெருமை அந்தக் குனிதலில் ஒரு சாணாகிவிட்டது.

"விளக்கு வெளிச்சம் தோலுக்கு ஆகாது சார்," என்று முனகினார் உடும்புக்காரர். "பழைய மூலையிலயே இருக்கட்டும்."

தோலின் மேல் அவருக்கு அன்றுதான் அத்தனை அக்கறை.

மறுநாள் அக்காளும் தம்பியுமாகப் பூச்சித் தட்டுகளைப் புதுப்பெட்டிக்குச் சுமந்தார்கள். பாதி வழியில் அவன் மெல்லச் சொன்னான்: "அந்தக் கால் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. பாவம்னு விட்டுட்டேன்."

"பாவமா? உன் பாவத்துல பூசணம்தான்டா பூத்துச்சு. தட்டைச் சாய்க்காம பிடி."