பின் அடித்த பக்கம்

எங்கள் பக்கத்துப் பெண்கள் பாடும் பாட்டுகளைச் சேர்த்து எழுதிய புத்தகம் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அதில் உண்டு. எந்தப் பாட்டை யார் எப்போது பாடுகிறார்கள், அது அவர்களுக்கு எதற்கு உதவுகிறது என்று விளக்கும் நல்ல புத்தகம். அதில் இரண்டு பக்கங்களை மட்டும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருக்கிறேன். நான் வேதியியல் படித்தவள். சாமியாடுகிறவர்களிடமே வாக்குவாதம் செய்கிற ரகம். ஆனாலும் அந்தப் பின்னை எடுக்க எனக்குப் பயம்.

அந்தப் புத்தகத்தை எழுதிய பேராசிரியை எங்கள் ஊருக்கு வந்தபோது நான் மன்னார்குடியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா முன்பே காலமாகிவிட்டார். அண்ணன் சவுதியில் இருந்தான். தெருவுக்கு நாலு பேர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்த காலம் அது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. காலையில் மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவான். அம்மாவும் நானும் முன்கூட்டியே போய் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவன் குரலைக் கேட்டால்தான் அம்மாவுக்கு அந்த வாரம் சோறு இறங்கும்.

அம்மா கூலிக்கு நடவு நட்டவள். ஒப்பாரிக்குப் பேர்போனவள். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் அவளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். போனதும் பாடிவிட மாட்டாள். செத்தவர் என்ன உடுத்தினார், எதை விரும்பிச் சாப்பிட்டார், யாரோடு கோபித்துக்கொண்டு இருந்தார் என்று விசாரிப்பாள். அதையெல்லாம் வைத்து அங்கேயே பாட்டுக் கட்டுவாள். ஆளுக்கு ஆள் பாட்டு வேறு.

பேராசிரியை தஞ்சாவூரிலிருந்து டேப் ரெக்கார்டரோடு வந்தார். அம்மா அவரை வீட்டுக்குள் உட்காரவே விடவில்லை.

"வீட்டுக்குள்ள ஒப்பாரி கூடாதுங்க டீச்சரம்மா. களத்துக்குப் போயிடலாம், வாங்க."

பிணம் இல்லாத வீட்டில் பாடினால் அந்தப் பாட்டு ஆள் தேடும் என்பாள். களத்தில் வைக்கோல்போர் நிழலில் உட்கார்ந்து தன் அப்பனுக்குப் பாடினாள். என் அப்பாவுக்குப் பாடினாள். பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகனுக்குன்னா எப்படிம்மா பாடுவீங்க?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று அம்மாவுக்குக் கண் காட்டினேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். எதிர்வீட்டுப் பையன் ஆற்றில் மூழ்கிச் செத்தபோது பாடியதையே பாடுகிறேன் என்றாள். ஏற்கெனவே செத்தவனுக்குப் பாடியதைத் திருப்பிப் பாடினால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைத்திருக்க வேண்டும். பாட்டில் ஆறு வந்தது, படித்துறை வந்தது, புதுத் தண்ணீர் வந்தது. அப்புறம் பாட்டு தடம் மாறியது.

"பச்சக் கோடு போட்ட சட்ட
பக்குவமாத் தொவச்சு வச்சேன்
ஏரோப்ளேன் ஏறிப் போன
எஞ்சாமி நீ..."

எதிர்வீட்டுப் பையன் ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பச்சைக் கோடு போட்ட சட்டை என் அண்ணனுடையது. அவன் விட்டுப்போனதை அம்மா அவ்வப்போது துவைத்துப் போடுவாள். அன்றைக்கும் அது எங்கள் வீட்டுக் கொடியில்தான் கிடந்தது.

அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? நல்லா வந்துச்சே" என்றார் பேராசிரியை. அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்த் தலை முழுகினாள்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. லைன் கிடைத்திருக்காது என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. பூத்துக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பி நடக்கும்போது, பாட்டுக்கும் போனுக்கும் சம்பந்தமில்லை என்று மனசுக்குள் எத்தனையோ விளக்கம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. வீட்டு வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினாலே தந்தியோ என்று எட்டிப் பார்ப்பேன். தந்திக்காரரைத் தெருமுனையில் பார்த்துவிட்டு ஒரு நாள் கொல்லைப்புறம் ஓடி ஒளிந்தேன். ஒளிந்தால் தந்தி திரும்பிப் போய்விடுமா என்ன!

"அந்தக் கேசட்ட அழிக்கணும்டி" என்றாள் அம்மா. தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். பேராசிரியை சிரிக்கவில்லை, வாதமும் செய்யவில்லை. எங்கள் எதிரிலேயே கேசட்டைப் போட்டு, அந்த இடத்துக்கு ஓட்டி, மேலே பதிவு செய்தார். நாங்கள் மூன்று பேரும் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. ரிசீவரை நான்தான் அவள் காதில் பிடித்தேன்.

"கேம்ப்ப மாத்திட்டாங்கம்மா. அங்க போன் கெடையாது, டவுனுக்கு வந்து பேசுறேன். கேம்ப் மாறிப் போற வழியில வண்டி கவுந்துடுச்சு. எனக்குக் கையிலதான் அடி. பின்னாடி சீட்டுல இருந்தவங்க ரெண்டு பேரும்..."

"என்னைக்குடா கவுந்துச்சு?"

எந்த நாள் என்று அவனுக்கே சரியாக நினைவில்லை. அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. வீடு திரும்பும்போது என் கையை இறுக்கிப் பிடித்தபடி, "பாதியில நிறுத்தினேனே, அதனால விட்டுட்டுப் போயிருக்கு. முடிச்சிருந்தா எம்புள்ள இல்ல" என்றாள். உளறாதே என்று சொல்ல வேண்டியவள், நானும் அவள் கையை இறுக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் எந்தச் சாவு வீட்டிலும் பாடவில்லை.

ஒரு வருடம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்தேன். 'மகனுக்கு' என்ற தலைப்பின் கீழ் அந்த நாலு வரி இருந்தது. டேப்பில் அழிப்பதற்கு முன்னாலேயே பேராசிரியை அதைக் காகிதத்தில் எழுதியிருக்கிறார். அச்சுக்குக் கொடுக்கும்போது அவருக்கு நாங்கள் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. கடைசி வார்த்தைக்குப் பின்னால் மூன்று புள்ளிகள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஸ்டேப்ளர் வாங்கிவந்து பின் அடித்தேன். தெரியாமலேயே அம்மா காலமானாள். அண்ணன் ஒவ்வொரு முறை ஃப்ளைட் ஏறும்போதும் நான் அந்தப் பின் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

போன வருடம் அவன் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். சர்க்கரை, முட்டிவலி எல்லாம் கூடவே வந்தன. ஒரு நாள் என் வீட்டில் புத்தகங்களைக் குடைந்துகொண்டிருந்தவன், "என்ன இது, பின் அடிச்சு வச்சிருக்க?" என்றான். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"பி.எஸ்சி. படிச்சவ பேசுற பேச்சா இது?"

நகத்தால் பின்னை நெம்பி எடுத்தான். முதலில் மனசுக்குள் படித்தான். அப்புறம் உதடு அசைந்தது. அப்புறம் அம்மாவின் ராகம் வந்துவிட்டது. பச்சைக் கோட்டுச் சட்டையில் குரல் உடைந்தது. ஏரோப்ளேன் வந்தது. "எஞ்சாமி நீ" என்று இழுத்தான். அந்த ராகம் அங்கே நிற்காது. சாவு வீட்டுக்குப் போய்வந்த யாருக்கும் அடுத்த வார்த்தை தானாக நாக்கில் வரும். அவன் வாய் திறப்பதைப் பார்த்தேன்.

"அண்ணே!" என்று கத்தினேன்.

வாயை மூடிக்கொண்டான். முகம் வேர்த்துவிட்டது. அந்த விபத்தில் உடைந்து கூடிய கையை மறு கையால் பிடித்துக்கொண்டான்.

"ஸ்டேப்ளர் எங்க வச்சிருக்க?" என்று கேட்டான்.

கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு பின் போதாதென்று, பக்கத்தின் ஓரம் முழுக்க வரிசையாக அடித்தான்.