நடுங்காத காற்று

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சந்தேகம். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்படவில்லை, வாங்கிய பட்டம்போல வைத்துக்கொண்டாள். மழைமானியின் வாயில் காக்கை எச்சம் அடைத்துக்கொள்ளும், வெப்பமானிக்குப் பக்கத்தில் எவனாவது ஏசியைக் கொண்டுவந்து மாட்டுவான். எதையும் நம்பிவிடுகிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்பது அவள் கட்சி.

ஊர் முழுக்கக் கூரைகளிலும் கம்பங்களிலும் நிற்கும் வானிலைக் கருவிகளிடம் எண்களை வாங்கி, சரிபார்த்து, வேண்டியவர்களுக்குக் கொடுப்பதுதான் அந்தச் சின்னக் கம்பெனியின் தொழில். வாங்குவது, கொடுப்பது எல்லாம் ஏபிஐ வழியாக. ஒரு நிரல் போய் ஜன்னலைத் தட்டி, இப்போது காற்று எவ்வளவு என்று கேட்கும். உள்ளிருந்து எண்ணும் நேரமும் வந்து விழும். மனிதர் வாயைத் திறக்கவே வேண்டாம். அதனாலேயே பொய்யும் சத்தமில்லாமல் வந்துவிடும்.

அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர், அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டுமானக் கம்பெனி. சைட்டில் நட்ட கம்பத்தின் கருவி காட்டும் காற்று அளவை மீறினால், இவர்கள் அனுப்பும் எண்ணைக் கொண்டு கிரேனின் கேபினில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவருக்குப் பாரம் ஊசலாடத் தொடங்கிய பிறகுதான் காற்று தெரியும். அதற்குள் காரியம் கெட்டுவிடும்.

அந்தக் கூண்டுக்குள் இருந்தவர் அவளுடைய நாத்தனாரின் கணவர். அவள் அண்ணன் என்று கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்தால் அவளைச் சீண்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவள் கம்ப்யூட்டரில் பார்க்கும் காற்றும் தன் மேல் அடிக்கும் காற்றும் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது என்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்குப் போனதும் அந்தக் கம்பத்தின் எண்ணைத்தான் முதலில் திறப்பாள்.

போன மாதம் ஒருமுறை சந்தேகப்பட்டுக் கிரேனை நிறுத்த வைத்தாள். அன்று கருவி சரியாகத்தான் இருந்தது. சைட் இன்ஜினியர் குதியாய்க் குதித்தார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வோம் என்றார். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அவர்கள் தயவில்தான் சம்பளம்.

இன்று காலை திரை முழுக்கப் பச்சை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில், பதிலுக்கெல்லாம் புது நேரம். காற்று மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். மறுபடி பதினொன்று. மறுபடியும் பதினொன்று. வேறு யாராக இருந்தாலும் நல்ல அமைதியான நாள் என்று காபி குடிக்கப் போயிருப்பார்கள். காற்று ஓர் எண்ணில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. கீழே இலை அசையாத நாளிலும் உயரத்தில் ஒன்பது, பன்னிரண்டு, பத்து என்று நடுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடக் கூரையில் நடுங்கியது. இங்கே இல்லை.

முதலாளியிடம் சொன்னாள். மனிதர் நெற்றியைத் தேய்த்தார். பக்கத்துக் கருவியும் குறைவாகத்தானே காட்டுகிறது, மதியம் வரை பொறுக்கலாமே என்றார். நியாயமான பேச்சுதான்.  ஆனால் அவள் விடவில்லை.

"பக்கத்துக் கூரை மேல யாரும் உக்காந்திருக்கல, சார்."

அவர் சரி என்று தலையாட்டினார். அவள் பதினொன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று போட்டாள். தெரியாவிட்டாலும் சிவப்பு என்பது ஒப்பந்தம். கிரேன் நின்றது. உடனே இன்ஜினியரின் போன் வந்தது. அவர் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டு, கம்பத்தடிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொன்னாள்.

போன ஆள் பார்த்தது இதுதான். கம்பத்துக்குப் பெயிண்ட் அடித்தவர்கள், கருவியில் சொட்டக் கூடாதே என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிப் போயிருந்தார்கள். நல்ல மனதோடுதான். கம்பத்தடியிலிருந்து எண்களை அனுப்பும் பெட்டி, கருவி பேசாவிட்டால் கடைசியாகக் கேட்ட எண்ணையே புது நேரம் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் காலியிடம் தெரியக் கூடாதென்று அதைச் செய்தவன் அப்படிப் பழக்கியிருந்தான்.

இந்த இடத்தில் புயல் ஒன்று வந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. சாயங்காலம் வரை ஓர் இலை ஆடவில்லை. அரை நாள் வேலை வீணானதில் இன்ஜினியருக்கு வருத்தம்தான், இருந்தாலும் ஒப்பந்தம் போகவில்லை. கம்பத்தைத் தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடவும் என்று ஒரு பலகை மட்டும் அங்கே முளைத்தது.

அன்று மாலை அண்ணன் நாத்தனாரோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இத்தனூண்டு காத்து இல்ல. உன் புண்ணியத்துல அரை நாள் கீழ உக்காந்து டீயா குடிச்சேன்."

அவள் நடுங்காத எண்ணைப் பற்றிச் சொன்னாள். அவர் அதற்கும் சிரித்தார்.

"காத்து இல்லன்னு எனக்குத் தெரியாதுண்ணா," என்றாள். "எனக்குத் தெரியாதப்போ நீங்க மேல இருக்கக் கூடாது."

சிரிப்பு நின்றது. நாத்தனார் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். 

மறுநாள் காலை, அவள் நாற்காலியில் உட்காரும்போதே போன் அடித்தது. பின்னால் சைட்டின் இரைச்சல் கேட்டது. அண்ணன் இன்னும் ஏணியில் கால் வைக்கவில்லை போலிருக்கிறது.

"தங்கச்சி, இன்னைக்கு நடுங்குதா?"

அவள் திரையைப் பார்த்தாள். ஒன்பது. பன்னிரண்டு. பத்து.

"நடுங்குதுண்ணா. ஏறுங்க."