பேட்டரி கட்டத் தெரியாதவர்கள்

ரிமோட் படகு வைத்திருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதற்குள் பேட்டரியைக் கட்டத் தெரியாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. மோட்டாருக்காக மாதக்கணக்கில் அலைவார்கள், பெயிண்டை மூன்று கோட்டு அடிப்பார்கள். கடைசியில் படகிலேயே அதிகம் கனக்கிற பேட்டரியை அதன் வயிற்றில் சும்மா போட்டு மூடியைச் சாத்துவார்கள். படகு வேகமாகத் திரும்பும்போது பேட்டரி ஒரு பக்கம் சரியும். உடனே படகு கவிழும்.

நாங்கள் மூன்று பேர். ஆலங்காயத்தில் இயற்பியல் வாத்தியாரான நான், வங்கி வேலையில் இருக்கும் ஒருவர், வாணியம்பாடித் தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் மலையேறி, ஜமுனாமரத்தூர் பக்கத்து ஏரியில் படகு விடுவோம். அந்த ஏரியின் அடியில் முழங்காலுக்கு மேல் சேறு. அதற்குள் போனது எதுவும் எங்களுக்குத் திரும்பக் கிடைத்ததில்லை.

வங்கிக்காரர் பேட்டரிக்கு ரப்பர் பேண்டு போடுவார். நோட்டுக்கட்டுக்குப் போடுகிற அதே ரப்பர் பேண்டு! வேறு என்னதான் தெரியும் அவருக்கு? அது அறுந்தபிறகு இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்புக்கு மாறினார். அதுவும் முதல் நாளே பிய்ந்தது.

"தொடைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா சார், தொடைக்காம ஒட்டுனா ஒட்டாதா?"

ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் டேப் ஒட்ட வேண்டும் என்பது என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவரைப் பார்த்ததும் "தொடைச்சீங்களா?" என்றுதான் கேட்பேன். பாவம், சிரித்துக்கொள்வார்.

பாய் இன்னும் மோசம். படகின் குறுக்குச் சட்டத்தில் திருகாணி அடித்து, தோல் வாரைக் கோத்து, பக்கிள் போட்டு இறுக்கியிருந்தார்.

"இது படகு பாய், செருப்பு இல்ல. தண்ணியில ஊறிப் போய்டும்."

"எண்ணெய் ஏத்துன தோலு சார். ஒண்ணும் ஆவாது." முகம் ஒரு நிமிடம் சுருங்கி, பிறகு சரியானது. அடுத்த வாரம் என் பேட்டரி அளவுக்கே இன்னொரு வார் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னிடம் யோசனை கேட்க வேண்டியவர் எனக்கே யோசனை சொல்கிறாரா? என் சாப்பாட்டு கேரியரின் கொக்கி லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி அந்த வாரைப் போட்டு இறுக்கினேன். அதற்குத்தான் லாயக்கு என்று வீட்டில் சொன்னேன்.

என் படகு எட்டு மாத உழைப்பு. பள்ளி விட்டு வந்து ஒவ்வொரு பலகையாக இழைத்தது. தண்ணீரில் விடுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, புது வண்டிக்குப் போடுவது போலவே பூஜை போட்டோம். வெளியே பொட்டு வைத்தால் கரைந்துவிடும் என்று, படகின் உள்தரையில் நடுவாகச் சந்தனமும் குங்குமமும் வைக்கும்படி மனைவியிடம் நான்தான் சொன்னேன்.

பேட்டரி உட்காரும் இடத்தை, படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். முன்னே தள்ளினால் மூக்கு முங்கும், பின்னே தள்ளினால் வால் முங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில், படகு மட்டமாக நின்ற இடம் சரியாக அந்தப் பொட்டின் மேல் வந்தது.

ஸ்பிரிட் நனைத்த துணி கையில் இருந்தது. பொட்டு வரைக்கும் போன கை நின்றுவிட்டது. பூஜை போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. சாமிக்கு வைத்ததை ஸ்பிரிட்டால் அழிப்பதா? காய்ந்துதானே இருக்கிறது, பிடித்துக்கொள்ளும் என்று மற்ற இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதன் மேலேயே டேப்பை ஒட்டினேன். டேப்பின் மேல் பேட்டரித் தட்டு, தட்டில் இறுக்கிய பேட்டரி.

நேராகப் போனபோது படகு ராஜா மாதிரி போனது.

"பாருங்க, இதான் கட்டுறது," என்று சொல்லி முழு வேகத்தில் திருப்பினேன். படகு சாய்ந்தது, நிமிரவில்லை. சிவப்பு அடிவயிறு தெரிந்தது. மூடி தனியாக மிதந்தது. கொஞ்சம் குமிழி வந்தது, பிறகு அதுவும் இல்லை.

பாய் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். தொடை வரை சேற்றில் நின்று மூங்கில் கழியால் குத்திக் குத்தித் தேடினார். வங்கிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறும் வரை தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கரைக்கு வந்ததும் வங்கிக்காரர் நிஜமான அக்கறையோடு கேட்டார்: "தொடைச்சீங்க இல்ல சார்?"

"தொடைச்சேன்," என்றேன்.

அழுகை வந்தது. அதைவிட என்மேலேயே அருவருப்பு வந்தது. இத்தனை நாள் அவர்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்குத்தான் பொருந்தும் என்று தெரிந்தும் வாய் பொய்தான் சொன்னது.

சாப்பிட உட்கார்ந்தோம். என் பையிலிருந்து கேரியரை எடுத்தது பாய். தன் வாரைப் பார்த்தார். பக்கிளைக் கழற்றினார். அத்தனை வளைவு மலைப்பாதை ஏறி வந்தும் ஒரு சொட்டு சாம்பார் வெளியே சிந்தவில்லை. மூவருக்கும் அவரே பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் அடுக்கி, வாரைச் சுற்றி, அதே ஓட்டையில் இறுக்கி என்னிடம் நீட்டினார்.

"அப்பப்போ எண்ணெய் போட்டு வைங்க சார்," என்றார். "ரொம்ப நாள் வரும்."