குழாய்க்காரர் இல்லாத கூட்டம்

அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில் குழாய்க்காரருக்கு ஒரே ஓர் ஆசைதான். மாலையில் மொட்டை மாடியில் நாலு பேரோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேச வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியிடம் எவ்வளவுதான் பேசுவது? அவளும் பாவம், கண்ணை மூடிக்கொண்டே "உம்" கொட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கதவைத் தட்டி, "சும்மா வாங்க, டீ குடிச்சுக்கிட்டே பேசிட்டிருக்கலாம்" என்று அழைத்தார். ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் தண்ணீருக்குத் திண்டாட்டம். எல்லா வீட்டுக்கும் அளந்துதான் விட்டார்கள். அவர் வீட்டிலோ படுக்கைத் துணியை அலசி மாளவில்லை. மாடித் தொட்டியிலிருந்து தனியாக ஒரு குழாயை இழுத்துக்கொண்டார். அவருக்கு அது கைவந்த வேலை. மூன்றாம் மாடியில் இருந்த வங்கிக்காரர் அதைக் கண்டுபிடித்ததும் கட்டடமே படிக்கட்டில் கூடிவிட்டது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்க குடுத்திருக்க மாட்டோமா?"

யாரைக் கேட்பது? அன்றுவரை அவருக்கு யார் பெயரும் தெரியாது. இனி அவரோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவானது.

அன்று மாலையே மொட்டை மாடியில் கூட்டம். தொட்டிக்குப் பூட்டுப் போட ஒரு நாள் கூடினார்கள், சாவி யாரிடம் இருப்பது என்று பேச மறுநாள் கூடினார்கள். பிறகு காரணமே தேவைப்படவில்லை. மடக்கு நாற்காலிகள் மேலே போயின, ஃபிளாஸ்க்கில் டீ போனது. அதுவரை ஒருவர் முகம் ஒருவர் பார்க்காதவர்கள் அண்ணன், அக்கா என்று முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். குழாய்க்காரரைத் திட்டித் தொடங்கும் பேச்சு, பிள்ளைகளின் படிப்பு, மாமியார் மருமகள் சண்டை என்று எங்கெங்கோ போய்ச் சிரிப்பில் முடியும். அவர் சமையலறை ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

"நான் கூப்பிட்டப்ப வராதவங்க, நான் திருடினதும் வந்துட்டாங்க பாரு."

மனைவி வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க ராசி அப்படி."

மழைக்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லோரும் வந்தார்கள், வாசலோடு நின்று, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள்.

மழை வந்து தொட்டி நிறைந்ததும் கூட்டமும் கலைந்தது. கதவுகள் பழையபடி சாத்திக்கொண்டன. அடுத்த வருடம் தரைத்தளத்துத் தையல்காரம்மா படிக்கட்டு விளக்கிலிருந்து வயர் இழுத்து மெஷின் ஓட்டுவது வெளிப்பட்டது. நாற்காலிகள் மறுபடி மேலே ஏறின. வங்கிக்காரரே வந்து குழாய்க்காரரின் கதவைத் தட்டினார்.

"வாங்கண்ணே. பழசையெல்லாம் விடுங்க. நீங்களும் நம்ம ஆளுதானே?"

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள், யாரோ டீ நீட்டினார்கள். எத்தனை பேர் "அண்ணே" என்றார்கள்!

"அந்தம்மாகிட்ட இனிமே யாரும் பேச வேணாம். என்னண்ணே சொல்றீங்க?" என்றார் வங்கிக்காரர்.

தலையை ஆட்டினால் போதும். நாளை மாலையும் இந்த நாற்காலி அவருக்குத்தான். அவர் தலையை ஆட்டவில்லை.

"அவங்களையும் மேல கூப்பிட்டு, ஒரு டீயக் குடுத்துக் கேட்டா என்ன?"

"அண்ணனோட அனுபவம் பேசுது!" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்கு இடம் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு இறங்கினார்.

தையல்காரம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "நீங்களும் திட்ட வந்தீங்களா?"

"இல்லம்மா. மேல ஒரே சிரிப்பா இருக்கு. கீழ தனியா இருந்தா அது ரொம்பச் சத்தமாக் கேக்கும்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே சிரிப்பு எழும்போதெல்லாம் அவர் பாதிப் பேச்சில் அண்ணாந்து பார்த்தார்.

"போகணும்னா போங்கண்ணே."

"போகணும்னுதான் இருக்கு" என்றார். எழுந்திருக்கவில்லை.