கட்டாத வேப்பிலை

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் என் மகளுக்கு அம்மை போட்டது. அதை நான் தெருவுக்குத் தெரியாமல் மறைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஆனால் என் சோற்றில் மறைந்துவிட்டது. அதுதான் வெட்கம்.

நான் தென்காசியில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். எங்கள் பக்கம் அம்மை கண்ட வீட்டு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். பார்த்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். எனக்கோ முகூர்த்தத் தையல் குவிந்து கிடந்தது. வேப்பிலையைப் பார்த்தால் எவள் படியேறுவாள்? அம்மை வீட்டில் தைத்த துணியை எவள் கல்யாணத்துக்கு உடுத்துவாள்? வாசலிலேயே வேப்பமரம் நிற்கிறது, கைக்கெட்டும் கிளை. நான் கையை நீட்டவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “இது வைரஸ்மா. காத்துலயே பரவும். பொருக்குத் தட்டிக் காயுற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க. மாசமா இருக்கவங்க இந்தப் பக்கமே வரக்கூடாது.” கொரோனா வந்தபோது தெருவுக்கே மாஸ்க் தைத்துக் கொடுத்தவள் நான். தள்ளி நிற்கச் சொல்லி வாசலில் கோலப்பொடியால் வட்டம் போட்டவள். எனக்கா வைரஸ் தெரியாது?

வீட்டுக்காரர் போலீஸ். சீசன் கூட்டத்துக்காகக் குற்றாலத்தில் டூட்டி, அங்கேயே தங்கல். போனில் கேட்டபோது சாதாரணக் காய்ச்சல் என்றேன். தெரு சந்தேகப்படக் கூடாதென்று தினமும் கடுகு, உளுந்து, பெருங்காயம் போட்டு மணக்க மணக்கத் தாளித்தேன். உள்ளறையில் படுத்திருந்த பிள்ளை, அப்போது ஆறாம் வகுப்பு, முனகும். “தாளிக்கக் கூடாதுல்லாம்மா?”

“வாய மூடிட்டுப் படுட்டி” என்றேன். சீ, என்ன தாய் நான்.

நாலாம் நாள் என்னிடம் தைக்கக் கொடுக்கும் ஒருத்தி வந்தாள். ஆய்க்குடியில் வாழ்க்கைப்பட்டவள், பக்கத்துத் தெருதான் தாய் வீடு. ஏழாம் மாதம், வளைகாப்புக்குப் பச்சைப் பட்டு பிளவுஸ். பழைய அளவு ஜாக்கெட் எதுவும் சேராததால் அளவு கொடுக்க நேரிலேயே வந்துவிட்டாள். வாசலைத் தாண்டும்முன் ஒரு வார்த்தை, “இப்ப வேண்டாம்மா, நான் உங்க வீட்டுக்கு வாறேன்” என்றிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாளே! பிள்ளையைப் போர்வையோடு அடுப்படிக்கு விரட்டினேன். அளவெடுக்க மறைவான இடம் உள்ளறைதான், வந்தவளை அங்கேயே கூட்டிப்போய் அளவெடுத்தேன். வெளியே சாரல் விழுந்ததால் ஜன்னலையும் சாத்தியிருந்தேன்.

“கால் கடுக்குதுக்கா, கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்” என்று கட்டிலில் உட்கார்ந்தாள். மகள் படுத்திருந்த சூடு அதில் இன்னும் இருந்திருக்கும். அரை மணி நேரம் கதை பேசினாள். வயிற்றைத் தடவிக்கொண்டே, “என்னமா உதைக்குதுங்கீங்க!” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பிளவுஸ் வாங்க வந்தபோது மேலெல்லாம் லேசாகச் சுடுவதாகச் சொன்னாள். பிளவுசை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் அவள் அம்மா வாசலுக்கு வந்தாள். “கொஞ்சம் வேப்பிலை ஒடிச்சுத் தாங்கம்மா. எம்பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு.” வளைகாப்பு நின்றுபோயிற்று. என் மகளுக்காக ஒடிக்காத கிளையை அன்றைக்கு நானே ஒடித்துக் கொடுத்தேன்.

நாலைந்து நாளில் மூச்சு வாங்க, திருநெல்வேலியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நுரையீரலுக்கும் போய்விட்டதாம். தாயும் பிழைக்க வேண்டும், வயிற்றுப் பிள்ளையும் பிழைக்க வேண்டும். மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்த அவள் அம்மா என் முன்னால் அழுதாள். “அம்மை கண்டவங்க பக்கத்துல எம்பிள்ள இருந்தாள்னு அப்பவே தெரிஞ்சிருந்தா ஊசி போட்டுத் தடுத்துப் பாத்திருக்கலாமாம். டாக்டரு சொல்லுதாரு. யார்ட்ட இருந்து வந்துச்சுன்னே தெரியலியேம்மா!”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். சாப்பிட்டேன், மறுநாள் எட்டு பிளவுசுக்கு ஹூக் வைத்தேன்.

பிழைத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆண் குழந்தை.

தையில் அவள் வந்தாள். கையில் குழந்தை, பையில் அந்தப் பச்சை பிளவுஸ். ஒரு தடவைகூடப் போடாதது. “இதச் சின்னதாக்கித் தாங்கக்கா. இவனுக்குக் காது குத்துக்கு உடுத்தணும்.” குழந்தையைப் பார்க்க ஓடிவந்த என் மகளின் நெற்றியிலும் கன்னத்திலும் குழிகள் இருந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஐயோ, தங்கச்சிக்கும் போட்டுச்சா? எப்பக்கா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் நாக்கு தானாகப் புரண்டது. “உனக்கு வந்த பொறவுதாம்மா.”

அவள் முகம் வாடிவிட்டது. “அப்போ நாந்தான் கொண்டாந்து ஒட்டிட்டேன். அன்னைக்குக் காய்ச்சலோட உங்க வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. பொம்பளப் பிள்ள முகத்துல இப்பிடி ஆயிட்டே! மன்னிச்சிருங்கக்கா.” என் மகளின் கன்னத்தைத் தடவினாள். பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். பிழைத்ததற்காகக் காலையில் அம்மன் கோயிலில் மாவிளக்கு எடுத்தாளாம். அந்த மாவு. “இந்தா தங்கச்சி” என்று நீட்டினாள்.

மகள் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். எந்த நாளில் யார் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“அதனால என்னம்மா, வேணும்னா செஞ்ச?” என்று சொல்லிப் பொட்டலத்தை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.