முனியாண்டிக்கு உடைத்த கேழ்வரகு

நான் கள்ளையோ பீரையோ வாயில் வைத்தவள் அல்ல. ஆனாலும் என் வீட்டுத் திருகையில் தானியம் உடைத்து, பீர் மாதிரி ஒரு பானத்தை என் கையாலேயே புளிக்க வைத்திருக்கிறேன். சாமிக்காகச் செய்தேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அப்போது நாங்கள் மலாய் நாட்டில், புலாவ் செபாங் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். பால் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்க, போகும் நாங்கள் பசியோடு போய்ப் பசியோடுதான் திரும்புவோம். திரும்பும்போது ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டினால்தான் உள்ளே வரலாம்.

என் வீட்டுக்காரருக்குக் கடுங்காய்ச்சல் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொஞ்சம் நினைவு வந்ததும் அவராகவே வேண்டிக்கொண்டார். பிழைத்தால் முனியாண்டிக்கு ஒரு பானை வைப்பேன், அதோடு குடியை விட்டுவிடுவேன் என்று. அவர்கள் குடும்பத்தில் கடைச் சரக்கைச் சாமிக்கு வைக்கமாட்டார்கள். கேழ்வரகை முளைகட்டி, வீட்டிலேயே அரைத்துப் புளிக்க வைத்ததைத்தான் வைப்பார்கள்.

சாமி காப்பாற்றிவிட்டார். இவரும் வேலைக்குத் திரும்பினார். அன்றைக்கே கள்ளுக்கடைக்கும் திரும்பினார்.

"வேண்டுதல் என்னாங்க ஆச்சு?"

"பானைய வச்சிட்டு விடுறேன்னுதானே சொன்னேன்? இன்னும் வைக்கலையே. முனியாண்டிகிட்ட நான் பொய் பேசுவேனா?"

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பானை தள்ளிப்போகப் போக அவருக்குக் கள்ளுக்கடை திறந்தே இருக்கும். பானை சீக்கிரம் போக வேண்டும்.

டவுன் கடையில் கேழ்வரகு வாங்கிவந்தேன். ஊறவைத்து, ஈரச் சாக்கில் முளைகட்டி, வெயிலில் காயவைத்தேன். குளித்துவிட்டு, வீட்டில் மீன் சேர்க்காமல் திருகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாமிக்குப் போகிற பொருள் சந்தனம் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிதானமாகச் சுற்றினேன். கூழுக்கு நைசாக அரைத்துப் பழகிய கை வேறு. பூ மாதிரி மாவு விழுந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

அதை வெந்நீரில் கரைத்து, மூடிவைத்து, துணியில் ஊற்றினால் ஒரு சொட்டு இறங்கவில்லை. களி மாதிரி துணியை அடைத்துக்கொண்டது. முறுக்கிப் பிழிந்தேன். துணிதான் கிழிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, முனியாண்டிக்குப் பானமா, இல்ல நோட்டீஸ் ஒட்டுற பசையா?"

அவளைவிடப் பலமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான். "சாமியே அவசரப்படல. உனக்கு என்னாடி அவசரம்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கள்ளுக்கடைக்குக் கிளம்பினார்.

நான் சோர்ந்துபோகவில்லை. மணலில் தண்ணீர் இறங்குகிறது, களிமண்ணில் நிற்கிறது. அதுதானே இது? தானியம் மணல் மாதிரி உடைந்தால் போதும், தோல் முழுசாக இருக்க வேண்டும். திருகையின் நடு முளையில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி, மேல் கல்லைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். மிச்சமிருந்த முளைத் தானியத்தைக் கை நிறைய அள்ளிப் போட்டு வேகமாகச் சுற்றினேன். கல்லின் சத்தமே மாறிவிட்டது. கறகறவென்று இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்து விழுந்தது.

இந்தத் தடவை துணியில் ஊற்றியதும் தேன் நிறத்தில் இறங்கியது. அதைக் காய்ச்சி ஆறவைத்து, மலாய்க்காரர்கள் புளிக்க வைக்கப் போடும் வெள்ளை உருண்டையைப் பொடித்துப் போட்டேன். படையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது இல்லையா, அதனால் பானையில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சீறிக்கொண்டிருந்தது. சீறல் அடங்கியதும், "ஆயிருச்சு, தூக்குங்க" என்றேன்.

கேட்டில் மலாய்க்காரப் போலீஸ் தடுத்தார். "தா போலே லா, மாச்சிக்," என்றார். முடியாது அத்தை என்கிறார். அவர் கண்ணுக்கு அது கஞ்சி; கஞ்சியும் சாப்பாடுதான், சாப்பாடு வெளியே போகக் கூடாது. முனியாண்டி கோயிலோ கம்பிக்கு வெளியே, நான் வெட்டும் நெரையின், அந்த மர வரிசையின், கடைசியில், மரத்தடியில்.

என் வீட்டுக்காரர் முகம் பளிச்சென்று ஆனது. "கவர்மெண்டே விடல. நான் என்னா செய்ய?"

"சாமி உள்ள வந்தா?"

"எப்படி வரும்? சாமிகிட்ட ஐசி இருக்கா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் சாமி இருக்கும் இடத்தில் பிடிமண் எடுத்துப்போய் வைத்துக் கும்பிடுவார்கள். முனியாண்டியும் கப்பலேறி இந்த நாட்டுக்கு அப்படித்தானே வந்தார்? கடலையே தாண்டியவருக்குக் கம்பி வேலி எம்மாத்திரம்?

மறுநாள் வெட்டு முடிந்ததும் மரத்தடியில் விழுந்து கும்பிட்டு, ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டேன். கேட்டில் பெண்களைச் சோதிக்கும் மலாய்க்காரி முடிச்சை அவிழ்த்தாள்.

"இனி ஆப்பா?" இது என்ன என்று கேட்டாள்.

"தானா," என்றேன். மண். மரத்துப் பக்கம் கையைக் காட்டி, "டத்தோ" என்றேன். மரத்தடியில் குடியிருக்கும் தெய்வத்தை அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அவளே முடிச்சைப் போட்டு, "மாசோக், மாசோக்," என்று உள்ளே அனுப்பினாள்.

வேலியோரம் மண்ணை வைத்து, மேலே ஒரு செங்கல்லை நிறுத்தி, மஞ்சள் பூசி, கற்பூரம் ஏற்றினேன். என் வீட்டுக்காரர் பானையோடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"வாசம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"சாமிக்கும் நல்லாத்தான் இருக்கும். வைங்க."

வைத்தார். ஒரு செம்பு மொண்டு செங்கல்லுக்கு முன்னால் ஊற்றினார். மண் உறிஞ்சி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது நெற்றியெல்லாம் ஈர மண்.

அடுத்த நாள் சாயங்காலம், கள்ளுக்கடை நேரத்துக்குத் துண்டை எடுத்தார். லயத்துக் கோடிவரை போனார். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார். கை எங்கே இருப்பது என்று தெரியாமல் தவித்தது. நான் திருகை முளையில் சுற்றியிருந்த துணியை எடுத்துவிட்டு, கல்லை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னா இது?"

"கூழுக்கு மாவு வேணும். சுத்துங்க."

சுற்றினார். மாவைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் நைசா வேணும்" என்றேன். மறுபடியும் சுற்றினார். சந்தனம் மாதிரி விழ ஆரம்பித்தது. கள்ளுக்கடை மூடும்வரை நான் போதும் என்று சொல்லவில்லை.